கள்ளச்சாவியும் காவல் செல்களும்

1980களின் இறுதியில் பாஸ்டனிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு புதிர். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால் மட்டுமே பெருக வேண்டிய மார்பகப் புற்றுநோய் செல்கள், அது துளியும் இல்லாத கரைசலிலும் பெருகின. ஆய்வாளர்கள் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் ஒவ்வொரு பொருளாகச் சோதித்தார்கள். கடைசியில் பிளாஸ்டிக் சோதனைக்குழாய் பிடிபட்டது. அதிலிருந்து கசிந்த நோனைல்பீனால்தான் ஈஸ்ட்ரோஜனாக நடித்திருந்தது.

இப்படி நடிக்கும் வேதிப்பொருள்களை ஈஸ்ட்ரோஜனின் கள்ளச்சாவிகள் எனலாம். இவற்றுள் பேர்போனது பிஸ்பீனால் ஏ (பிபிஏ). அது ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்று லண்டனில் எட்வர்ட் டாட்ஸ் 1936லேயே காட்டிவிட்டார். ஆனாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் உணவு டின்களின் உட்பூச்சிலும் அது உலகெங்கும் பரவியது.

கருப்பையிலும் மார்பகத்திலும் மட்டுமா இந்தச் சாவி நுழையும் பூட்டுகள், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன? நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல், பி செல், மேக்ரோஃபேஜ் எல்லாவற்றிலும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது, சொந்த உடலையே தாக்கக்கூடிய பி செல்கள் அழியாமல் தப்புவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இப்படி உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதற்கான காரணங்களில் ஈஸ்ட்ரோஜனும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பிஸ்பீனால் விவகாரத்தைத் திருப்பிப் போட்டது டிஎச்17 என்ற டி செல். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் எதிர்க்க இது வேண்டும், மிஞ்சினால் அழற்சி. சோரியாசிஸ் என்ற தோல் நோயில் இதன் கை ஓங்கியிருக்கும். பிஸ்பீனால் ஏ கொடுத்த தாய் எலிகளின் குட்டிகளுடைய மண்ணீரலில் இந்தச் செல்கள் அதிகரித்திருந்தன. இதை அடிப்படையாக வைத்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் அன்றாடம் உட்கொள்ளத்தக்க அளவை 2023 ஏப்ரலில் குறைத்தது. முன்பு உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், இப்போது 0.2 நானோகிராம். அதாவது 20,000 மடங்கு குறைவு!

ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்கவில்லை. எலியின் செல் எண்ணிக்கை கூடுவது மனிதருக்கு நோய் வரும் என்பதற்குச் சான்றாகாது என்றது. 200 நானோகிராம் வரை போகலாம் என்றது. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் கருவிலிருக்கும் குழந்தையின் நோயெதிர்ப்பு உருவாகும் காலத்தை எண்ணினால், முன்னெச்சரிக்கையின் பக்கம் நிற்பதே சரி. ஐரோப்பிய ஒன்றியமும் உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏ-வைத் தடை செய்துவிட்டது. 2025 ஜனவரியில் அந்த விதி நடைமுறைக்கு வந்தது.

‘பிபிஏ ஃப்ரீ’ என்ற முத்திரையை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் பிஸ்பீனால் எஸ்ஸும் ஈஸ்ட்ரோஜன் போலவே நடிக்கிறது. சூடான பாலையும் சாம்பாரையும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற வழவழப்பான தெர்மல் தாள்களின் பூச்சிலும் பிஸ்பீனால்கள் இருக்கலாம். அவற்றைக் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.