அளவெடுக்கும் அன்பு

பொழுதுபோக்கு என்னும் சொல் நம்மவர் வழக்கிலே சற்று மதிப்புக் குறைந்த சொல்லாகவே இருந்து வருகின்றது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாதவன் செய்வதே பொழுதுபோக்கு என்பது பலர் எண்ணம். ஆனால், தொழிலுக்குக் கொடுக்கும் கவனத்திலும் கூடிய கவனத்தைப் பொழுதுபோக்குக்குக் கொடுப்போரும் உலகில் உளர். அமெரிக்க தேசத்திலே மாதிரிப் புகையிரதங்கள் அமைத்து ஓட்டும் அன்பர்கள் அத்தகையோர். இவர்கள் சிறுவர் அல்லர். பெரும்பாலும் வயது வந்தவர்கள், குடும்பப் பொறுப்புள்ளவர்கள். வீட்டின் நிலக்கீழ் அறையிலே மலையும் ஆறும் பாலமும் ஊரும் சமைத்து, அவற்றினூடே ஒரு சாண் நீளமுமில்லாத பெட்டிகளை ஓடவிட்டு மகிழ்வார்கள்.

இவர்கள் இருவர் சந்தித்தால், "உங்களுடைய பாதை எது?" என்ற கேள்வி விரைவில் வந்துவிடும். இந்தக் கேள்வி நமக்கு விளங்குவது சிறிது கடினம். நம் நாட்டிலே புகையிரதம் அரசாங்கத்தின் ஒரு திணைக்களம். அமெரிக்காவிலோ அது தொடக்கந்தொட்டே தனியார் கம்பனிகளின் முயற்சியாயிற்று. ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்த நிறம் உண்டு. தனித்த இலச்சினை உண்டு. எஞ்சினின் உருவத்திலும் தனித்த சாயல் உண்டு. ஆகவே, பழைய மாணவர் தம் பள்ளிக்கூடத்தின் பெயரையும் கொடியின் நிறத்தையும் சொல்லிப் பெருமைப்படுவதுபோல, இந்த அன்பர்களும் தமக்குரிய பாதையின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகின்றனர்.

இதிலே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அவர்கள் ஆர்வத்தோடு சொல்லும் பெயர்களிற் பல இன்று இல்லாத கம்பனிகளின் பெயர்கள். இன்று ஓடும் பெருங் கம்பனிகளுக்கும் அன்பர் இல்லாமலில்லை. எனினும், மறைந்தவற்றின்மீது வைத்த அன்பு ஒருபடி ஆழமானதாகவே தோன்றுகின்றது. இல்லாத ஒன்றை இவ்வளவு அன்போடு பேணுவது எதனால்? அதனால் விளையும் பயன் என்ன? இவையே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

முதலில் இக்கலையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். அமெரிக்காவிலே 1934ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் இதற்கென ஒரு சஞ்சிகை தோன்றியது. அடுத்த ஆண்டு, 1935இல், அதே நகரிலே அன்பர்களின் தேசிய சங்கம் அமைந்தது. ஒருவர் செய்த எஞ்சின் மற்றொருவரின் பாதையிலும் ஓடவேண்டுமானால் அளவுகள் ஒத்திருத்தல் வேண்டுமல்லவா? அந்த ஒழுங்கைச் செய்ததே சங்கத்தின் முதற் பணி. இன்று மிகுதியாக வழங்குவது எச்.ஓ. என்னும் அளவு. மெய்யான பொருளின் எண்பத்தேழில் ஒரு பங்கு அது. அதிலே தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 16.5 மில்லிமீற்றர். இந்தச் சிற்றளவுக்குள்ளே ஆணித்தலையும் தெரியவேண்டும், துருவும் தெரியவேண்டும். அத்தோடு, 'இந்த ஊர், இந்த ஆண்டு, இந்தப் பருவம்' என்று வரையறுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாத எதனையும் விலக்கிவிடுபவரும் உளர். முதற்பொருளையும் கருப்பொருளையும் வகுத்துக்கொண்டு பாட்டியற்றிய நம் முன்னோருக்கு இந்த ஒழுங்கு புதிதன்று.

இனி, அவர்கள் விரும்பும் பாதைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில் நிற்பது பென்சில்வேனியாப் பாதை. 1846இல் தோன்றிய இக்கம்பனி, தன்னை 'உலகத்தின் நியமப் புகையிரதப் பாதை' என்றே அழைத்துக்கொண்டது, அவ்வளவு தன்னம்பிக்கை. அல்ரூனா நகருக்கு அணித்தாக, மலையை நேரே ஏறமுடியாமையால், குதிரைலாட வடிவில் ஒரு பெருவளைவு அமைத்தார்கள். மண்வெட்டியும் கடப்பாரையுமே கருவிகளாக, பெரும்பாலும் அயர்லாந்துத் தொழிலாளர் வெட்டிய அந்த வளைவு 1854இல் திறக்கப்பட்டது. இன்றும் வேறொரு கம்பனியின் வண்டிகள் அதிலே ஏறி இறங்குகின்றன. இப்பாதையிற் கே-4 என்னும் நீராவி எஞ்சின்கள் 425 ஓடின. ஜி.ஜி.-1 என்னும் மின்சார எஞ்சின்கள் 139 ஓடின. இந்த ஜி.ஜி.-1இன் முதல் எஞ்சினுக்கு இலக்கம் 4800. அதன் உடலெங்கும் ஆணித்தலைகள் புடைத்து நிற்கும். றேமண்ட் லோவி என்னும் வடிவமைப்பாளர் ஆணிகளை விலக்கித் தகடுகளை ஒட்டிணைத்தால் அழகாகும் என்றார். அதன்பின் வந்தவை யாவும் வழுவழுப்பான உடலும், கரும்பச்சை மேனியில் ஐந்து பொன்வரிகளும் பெற்றன. மாதிரி செய்வோன் 4800ஆம் இலக்கத்துக்கு மாத்திரம் ஆணித்தலைகளை மறவாது வைப்பான். மறந்தால் அது பிழை. பாடத்திலே ஒரு சீர் மாறிய பிழை போன்றது.

இத்துணைப் பெருமையுடைய கம்பனி 1968இல் தன் நெடுங்காலப் போட்டிக் கம்பனியாகிய நியூயோர்க் சென்றலோடு இணைந்தது. இணைந்த கம்பனி 1970இல் வங்குரோத்தாயிற்று. அதற்கு முன்னரே, 1910இல் நியூயோர்க் நகரில் அது எழுப்பிய மாளிகை போன்ற நிலையம் 1963இல் இடிக்கப்படத் தொடங்கியது. அந்த இடிப்பைக் கண்டு மனம் நொந்த நகரத்தார், 1965இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டமொன்றைப் பெற்றனர். ஒன்றை இழந்த பின்னரே மற்றவற்றைக் காக்கும் அறிவு வந்தது.

அடுத்தது சான்ரா பே பாதை. இது சிறுவயது நினைவோடு பிணைந்தது. சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சலிசுக்கு 1936இல் ஓடத்தொடங்கிய 'சூப்பர் சீவ்' என்னும் கடுகதி வண்டியின் எஞ்சின்கள் பின்னர் சிவப்பும் வெள்ளியுமாக அழகுபெற்றன; செவ்விந்தியத் தலைவனின் இறகுமுடியை நினைவூட்டும் கோலம் அது. 1948இல் லயனல் என்னும் விளையாட்டுப்பொருட் கம்பனி இதே நிறத்தில் எஞ்சின் செய்து விற்றது. சான்ரா பே ஓடாத ஊர்களிலும் பிள்ளைகள் அந்த நிறத்தை அறிந்தார்கள். மெய்யான வண்டியைக் கண்டவர் சிலர். விளையாட்டு வண்டியைக் கண்டு அதன்மேல் அன்புகொண்டவர் பலர்.

பெருமையும் அழகும் உடையவற்றை விரும்புவது இயல்பே. வறுமைப்பட்ட பாதைகளையும் மனிதர் விரும்பினார்கள் என்பதுதான் சிந்திக்கத்தக்கது. கொலராடோ மலைநாட்டிலே மூன்றடி அகலமுடைய ஒடுங்கிய பாதைகள் இருந்தன. சாதாரண பாதையின் அகலம் நான்கு அடி எட்டரை அங்குலம். ஒடுங்கிய பாதையோ மலையின் இடுக்குகளில் எளிதாக வளைந்து செல்லும், செலவும் குறைவு. வெள்ளிச் சுரங்கங்களை நம்பி இவற்றை அமைத்தனர். 1893இல் வெள்ளியின் விலை வீழ்ந்தது. பாதைகளின் வாழ்வும் தளர்ந்தது. இவற்றுள் ஒன்று றியோ கிராண்ட் சதர்ண். நீளம் 162 மைல். நீராவி எஞ்சின் ஓட்டப் பணமில்லாத நிலையில், தபால் ஒப்பந்தத்தையாவது இழக்காதிருக்க வழிதேடினார்கள். 1931 முதல், பழைய மோட்டார்க் கார்களின் முன்பாகத்தை எடுத்து, பின்னால் ஒரு சரக்குப் பெட்டியை இணைத்து, தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைப் பொருத்தினார்கள். அது ஆடி ஆடி ஓடிய கோலத்தைக் கண்டோர் 'பாயும் வாத்து' என்ற பொருள்படப் பெயரிட்டு நகைத்தார்கள். அவ்வாறு ஏழு வாத்துகள் பிறந்தன. இருபது ஆண்டுகள் அவை அந்தப் பாதையின் உயிரைப் பிடித்துவைத்தன. 1951இல் பாதை கைவிடப்பட்டது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. வாத்துகளோ அழியவில்லை. ஏழில் ஆறு இன்றும் உள்ளன. அழிந்துபோன முதலாவதையும் அன்பர்கள் மீண்டும் ஒப்பனையாகச் செய்துவைத்தார்கள். அன்று நகைப்புக்கிடமான வண்டியை இன்று பெருமதிப்போடு மாதிரி செய்கிறார்கள்.

அதே மலைநாட்டில், கும்பிறெஸ் கணவாயைக் கடக்கும் 64 மைல் ஒடுங்கிய பாதையும் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1970இல் கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களும் சேர்ந்து அதை விலைகொடுத்து வாங்கின. பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட அக்கணவாய்க்கு இன்றும் நீராவி எஞ்சின்கள் ஏறுகின்றன. கோடைகாலத்திலே தொண்டர்கள் தம் செலவில் வந்து, பழைய பெட்டிகளுக்கு வர்ணம் பூசி, பலகை மாற்றிவிட்டுப் போகின்றார்கள்.

இன்னொரு வரலாறு இதனிலும் இனியது. பென்சில்வேனியா மாநிலத்திலே ஈஸ்ற் புரோட் ரொப் என்றொரு நிலக்கரிப் பாதை, இதுவும் மூன்றடி அகலத்தது. 1956இல் அது மூடப்பட்டது. வாங்கியவர் நிக் கொவல்சிக் என்பவர். தொழிலோ பழைய இரும்பு வியாபாரம். எஞ்சின்களையும் தண்டவாளங்களையும் உடைத்து விற்பதே அவர் தொழிலுக்குரிய முறை. அவர் உடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்து, 1960இல் ஒரு பகுதியைத் திறந்து மீண்டும் வண்டி ஓடச் செய்தார். 2011இல் அது மறுபடியும் நின்றது. 2020இல் அறநிதி நிறுவனமொன்று அதை ஏற்றது; 2023இல் நீராவி எஞ்சின் மீண்டும் பெருமூச்சு விட்டது. இரும்பை நிறுத்து விலைபேசும் கையே இரும்பைக் காத்த கையாயிற்று.

மெய்யான பாதைகளை மாத்திரமன்றி, ஒருபோதும் இல்லாத ஒரு பாதையையும் இவ்வன்பர்கள் போற்றுகின்றனர். கலிபோர்ணியாவில் மொன்ரறே என்னும் ஊரிலே ஜோன் அலன் என்னும் புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். தம் வீட்டிலே தம் கற்பனையால் ஒரு மலைப்பாதை அமைத்து, அதற்கு 'கோர் அன்ட் டிபீற்றட்' என்று பெயரிட்டார். எழுத்திலே இரண்டு ஊர்களின் பெயர்போலத் தோன்றும்; வாயாற் சொன்னாலோ ஆங்கிலத்தில் 'குருதி தோய்ந்து தோற்றது' என்று பொருள்படும். நம் புலவர்கள் விரும்பும் சிலேடை அது. புத்தம்புதிய பொம்மையாக இருந்த மாதிரிக்குப் புழுதியும் மழைக்கறையும் பழமையும் ஏற்றிக் காட்டிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். எஞ்சினுக்குப் பதிலாகப் பெட்டி இழுக்கும் ஒரு தொல்விலங்கையும் அங்கே வைத்து வேடிக்கை செய்தார். 1973 சனவரியில் அவர் காலமானார். சில நாட்களுள் அந்த வீட்டிலே தீப்பற்றி, பல்லாண்டு உழைப்பெல்லாம் சாம்பலாயிற்று. இருந்தும் அப்பாதை மறையவில்லை. அவர் எடுத்த படங்களும் எழுதிய கட்டுரைகளும் எஞ்சின. அவற்றைக் கண்டு கற்றோர் இன்றும் உளர்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. அன்பு இருவகை. ஒன்று, போனதை எண்ணிப் பெருமூச்செறிவது. மற்றொன்று, போனதை அளந்து எழுதிவைப்பது. முன்னையது நம் எல்லோரிடமும் உண்டு. பின்னையது அரிது. வாத்துவண்டியின் சக்கரம் எத்தனை அங்குலம், 4800இன் ஆணித்தலைகள் எந்த வரிசையில் நின்றன என்று கேட்கும் அன்பு, பிறர் கண்ணுக்குப் பைத்தியமாகத் தோன்றும். ஆனால், காப்பது அந்தப் பைத்தியமே.

தமிழர் இதை அறியாதவர் அல்லர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். பழந்தமிழ் போயிற்றே என்று இரங்கியோர் பலர் இருந்திருப்பர். எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கியோர் சிலரே. அந்தச் சிலராலேயே நாம் இன்று படிக்கிறோம்.

இதனை எழுதும்போது எனக்கு ஒரு குற்றவுணர்வு உண்டு. 1905இல் கொழும்போடு இணைந்த எங்கள் வடபாதையிலே 1990இல் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அக்காலத்தில் ஒருநாள் வகுப்பிலே புகையிரதப் பயணம் என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். "எதிரே மாடு வந்தால் கோச்சியை எந்தப் பக்கம் வெட்டுவார்கள், ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. எவரும் கோச்சியைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர் இருந்தார். தாம் கடமைபார்த்த நிலையங்களின் மேடை, கைகாட்டி, தண்ணீர்த்தாங்கி, நிழல்மரம் யாவற்றையும் நினைவிலிருந்து ஒரு கொப்பியிலே வரைந்து வைத்திருந்தார். எனக்கும் காட்டினார். நன்று என்று சொல்லி மீளக் கொடுத்தேன். இடப்பெயர்வின்போது அக்கொப்பி போயிற்று. பின்னர் அவரும் போனார். அன்று ஒரு பிரதி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தாள். புதிய பாதை, புதிய நிலையங்கள், மகிழ்ச்சியே. ஆயினும், கொடிகாமத்திலும் மீசாலையிலும் சுன்னாகத்திலும் பழைய நிலையம் எப்படி இருந்தது என்று சொல்லத்தக்க முதியோர் இன்னும் இருக்கின்றனர். மாணவர் ஒரு கொப்பியும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகலாம். எத்தனை அடி, என்ன நிறம், எந்தப் பக்கம் கிணறு என்று கேட்டு எழுதலாம். ஆசிரியர்கள் அதைப் பிரதியெடுத்து வைக்கலாம்.