இடுப்பு எலும்பிலிருந்து போல்ட் வரை

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை நம் தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு விமானத் தொழிற்சாலை இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் இதைச் சொன்னால் இன்றைக்கும் நம்பத் தயங்குவார்கள். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா ஏரோஸ்பேஸ்தான் அது. இரண்டு பேர் அமரும் ஹன்சா பயிற்சி விமானங்களில் சில அங்கே தயாராயின. ஹன்சாவை வடிவமைத்தது பெங்களூரின் என்.ஏ.எல். ஆய்வகம். உலோகத் தகடு இல்லாமல் இழையையும் பிசினையும் கொண்டு விமானம் கட்ட அந்த ஆய்வகம் கைபழகியது எதில் தெரியுமா? பர்ட் ரூட்டன் என்ற அமெரிக்கர், ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்வதற்காக வரைந்து கொடுத்த லாங்-ஈசி என்ற வடிவத்தில். அதை அடியொற்றி ஆய்வகத்தார் கட்டிய விமானம் 1987இல் பறந்தது.

வீட்டில் விமானம் கட்டுவது வெறும் கனவு அல்ல. ஜெட் ஏர்வேஸ் விமானியாக இருந்த அமோல் யாதவ் மும்பையில் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்துக்கு 2017இல் அரசுப் பதிவு எண் கிடைத்தது. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தில், தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்றின் பாகங்களை வாங்கி நான்கு இருக்கை விமானத்தைக் கோத்து, 2022இல் குடும்பத்தோடு அதில் பறந்தார்.

இப்படிக் கட்டுபவர்கள் இஞ்சினைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். அது தவறான வரிசை. உடற்பகுதியை மூடுவதற்கு முன்பே, எலும்புக்கூடாக நிற்கும்போதே பெல்ட்டின் கணக்கை முடித்துவிட வேண்டும். ஏனென்றால் பெல்ட் என்பது கடையில் வாங்கும் பட்டை மட்டும் அல்ல. நம் இடுப்பு எலும்பில் தொடங்கி, பட்டை, பக்கிள், பிராக்கெட், போல்ட் வழியாக விமானத்தின் சட்டம் வரை போகும் ஒரே தொடர் அது. எந்தக் கண்ணி பலவீனமோ அதுவே அதன் பலம்.

இதை முதலில் தன் உடம்பிலேயே படித்தவர் ஹ்யூ டிஹேவன். 1917இல் டெக்சஸில் விமானப் பயிற்சியில் இருந்தபோது, வானத்திலேயே இரண்டு விமானங்கள் மோதின. அவர் பிழைத்தார். ஆனால் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளில் பலத்த காயம். வயிற்றின் மேல் இருந்த பெல்ட்டின் பக்கிளே அந்தக் காயத்தைச் செய்தது என்று அவர் கண்டுகொண்டார். காப்பாற்ற வேண்டிய பொருளே குத்தியிருக்கிறது! பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காய ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். 1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு, மணிக்கு ஆயிரம் கி.மீ. வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்றார். புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு விசை அவர் மேல் விழுந்தது. கண்களில் ரத்தம் கட்டியது, ஆனாலும் உயிரோடு எழுந்தார். சரியான இடங்களில் இறுக்கிக் கட்டினால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பது அன்று தெரிந்தது.

நம் கொட்டகை விமானத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சிறிய விமானம் ஒன்று மணிக்கு 83 கி.மீ. வேகத்தில் வயலில் இறங்கி, 3 மீட்டருக்குள் சீராக நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 9 ஜி வரும். அதாவது எடையைப் போல் 9 மடங்கு. சிறிய விமானங்களுக்கு அமெரிக்க விதிகள் நெடுங்காலமாக முன்பக்கம் கேட்ட அளவும் 9 ஜிதான். 80 கிலோ ஆள் அந்த நேரத்தில் 720 கிலோவாக முன்னே பாய்வார். பொருத்தும் இடத்துக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கணக்கிடச் சொன்னது அந்த விதி. ஏறக்குறைய 960 கிலோ. சிமெண்ட் மூட்டையாகச் சொன்னால் 19 மூட்டைக்கும் மேல்.

இடுப்புப் பட்டை மட்டும் போதுமா? போதாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கடுமையான சிறு விமான விபத்துகள் 500ஐ ஆராய்ந்தது. தோள் பட்டை இருந்திருந்தால் இறந்தவர்களில் 20 சதவீதம் பேர் பிழைத்திருப்பார்கள், பலத்த காயமடைந்தவர்களில் 88 சதவீதம் பேருக்குக் காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்று கண்டது. இடுப்பை மட்டும் கட்டினால் உடம்பு மடங்கி, முகம் நேராகக் கருவிப் பலகையில் போய் விழும்.

சேலத்துக்கு மஞ்சவாடி கணவாய் வழியாகப் போகும்போது சட்டென்று பிரேக் அடித்தால் கார் பெல்ட் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறதே, அந்த மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோவுக்காக உருவாக்கிய நில்ஸ் போலின், அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்தவர். ஆக அந்த அறிவு விமானத்திலிருந்துதான் காருக்கு வந்தது. அதற்காகப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கார் பெல்ட்டை விமானத்தில் போடலாமா? கூடாது. விபத்தில் ஒருமுறை இழுபட்ட பெல்ட்டின் இழைகள் தங்கள் பலத்தைக் கொடுத்து முடித்தவை. தோற்றத்தில் ஒன்றும் தெரியாது.

புதிதாக வாங்கினால் பாலியஸ்டர் பட்டை நல்லது. நைலான் அதைவிட நீளும். பாலியஸ்டரும் நீளும் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் தொலைவில் பிணைத்த ஒன்றரை மீட்டர் பட்டை 10 சதவீதம் நீண்டால் 15 செ.மீ. அதிகமாக முன்னே போய்விடுவோம். அதனால்தான் அனுபவசாலிகள் தலைக்குப் பின்னாலுள்ள பகுதிக்கு எஃகுக் கம்பிவடம் கொடுத்து, பட்டையைக் குட்டையாக்குகிறார்கள். வெயிலில் நிற்கும் விமானத்தில் நிறம் வெளுத்த பட்டையை மாற்றிவிட வேண்டும்.

கோணம்தான் பலரும் கோட்டை விடும் இடம். தோள் பட்டை தோளுக்குப் பின்னால் மட்டமாகவோ, மேல்நோக்கி 30 டிகிரிக்குள்ளோ போக வேண்டும். கீழே இறங்கினால் 5 டிகிரிக்கு மேல் கூடாது. இருக்கையின் அடியில் கொண்டுபோய்ப் பிணைத்தால், விமானம் சட்டென்று நிற்கும்போது பட்டை தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் சுமார் 45 முதல் 55 டிகிரி சாய்வில் உட்கார வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு போக, ஐந்தாவது பட்டைக்கு இங்கேதான் வேலை. தோள் பட்டைகளை இறுக்கும்போது அவை நடு பக்கிளை மேலே இழுக்கும், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும், உடம்பு அதன் கீழே வழுக்கும். டிஹேவனுக்கு நேர்ந்த காயத்துக்கு வழி திறந்துவிடும். கால்களுக்கு நடுவே இருக்கையிலிருந்து வரும் பட்டை பக்கிளைக் கீழே பிடித்து வைக்கும். லாங்-ஈசி போலச் சாய்ந்து அமரும் விமானத்தில் இது இல்லாமல் பறக்கவே கூடாது என்பேன்.

பக்கிளில் இரண்டு வகை. மடக்கித் திறக்கும் நெம்புகோல் வகை மலிவு, ஆனால் தொளதொளப்பான சட்டைக் கை அதில் மாட்டினால் தானே திறந்துகொள்ளும். திருகித் திறக்கும் வட்ட பக்கிளில் ஒரே திருகில் எல்லாப் பட்டைகளும் விழுந்துவிடும். எரிபொருள் கசிந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடிக்குக் கூடுதல் விலை தரலாம்.

இனி பிராக்கெட். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு லேத் பட்டறையில் வரைபடம் கொடுத்தால் அழகாக வளைத்துத் தந்துவிடுவார்கள். கைவேலையில் குறை இருக்காது, கேள்வி இரும்பைப் பற்றியது. டிரெய்லருக்குப் போடும் சாதாரணத் தகடும், விமானத்துக்கான 4130 குரோம்-மாலி எஃகும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சான்றிதழோடு எஃகை வாங்கி, அதைப் பட்டறையில் கொடுக்க வேண்டும். குழாய்ச் சட்ட விமானத்தில் குழாய்கள் கூடும் மூட்டின் அருகே பிணைக்க வேண்டும், நடுக் குழாயில் இழுத்தால் அது வளைந்துவிடும். இழைக் கூடு விமானத்தில் நிலைமை இன்னும் நுட்பம். இரண்டு மெல்லிய இழைத் தோல்களுக்கு நடுவே இருப்பது நுரை. அதில் போல்ட் போட்டு முடுக்கினால் நுரை நசுங்கும், இழுத்தால் பிய்ந்து வரும். அந்த இடத்தில் மட்டும் நுரையைத் தோண்டி, ஒட்டுப்பலகையோ கெட்டி இழை அடுக்கோ வைத்த பிறகே மேல் தோலை ஒட்ட வேண்டும். மூடிய பின் செய்ய முடியாத வேலை இது.

இன்னொன்று. 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய லாங்-ஈசியை ஓட்டிக் கலிபோர்னியாவின் மான்டரே கடலில் விழுந்து இறந்தார். ரூட்டனின் வரைபடத்தில் கால்களுக்கு நடுவே இருந்த எரிபொருள் வால்வை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார். அதைத் திருப்பத் தோள் பட்டையைத் தளர்த்தி, உடம்பைத் திருக வேண்டியிருந்தது. திரும்பும்போது கால் சுக்கான் மிதியை அழுத்திவிட்டது என்பது விசாரணையின் முடிவு. ஆகவே உடற்பகுதியை மூடுமுன், இருக்கையைத் தற்காலிகமாக வைத்து, ஐந்து பட்டைகளையும் பறக்கும்போது இறுக்குவதுபோலவே இறுக்கிக்கொண்டு உட்காருங்கள். எரிபொருள் வால்வு, சுவிட்சுகள், கதவுத் தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் பார்க்காமல் தொட்டுப் பாருங்கள். எட்டாத ஒன்று இருந்தால் பட்டையைத் தளர்த்தாதீர்கள், அந்தப் பொருளை இடம் மாற்றுங்கள்.