சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும்

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்தல் வேண்டும் என்பதை அங்கத்தினர் பலரும் கேட்டிருப்பர். எனினும் தறிக்குழியில் அமர்ந்து நெய்வோர் இருமலைப் பஞ்சுத் தூசியின் மேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காலங்கடத்துவதை, தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நாம் காண்கிறோம். தூசியால் வரும் இருமலும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எது தூசி, எது காசநோய் என்று இருமலைக் கேட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவையும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

அரசினர் ஆஸ்பத்திரியில் இப்பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வழக்கமாக இரண்டு முறை சளி கேட்பார்கள்: சென்ற அன்றே ஒன்று, விடியற்காலையில் எழுந்தவுடன் எடுத்தது ஒன்று. இங்கேதான் பலர் தவறுகின்றனர். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், நோய் இருந்தும் கிருமி அகப்படாமற் போகலாம். வாயை வெறும் நீரால் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் கொணர்ந்த கெட்டிச் சளியே வேண்டும். இதைத் திறந்த வெளியில், பிறர் அருகில் இல்லாதபோது செய்க. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதோடு, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் கருவியும் இப்போது உண்டு. சில மணி நேரத்தில் அது நோயைக் காட்டுவதுடன், ரிபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அக்கிருமி அடங்குமா என்பதையும் தெரிவித்துவிடும். நோய் உறுதியானால் சர்க்கரைச் சோதனையும் செய்வர். நீரிழிவு உள்ளோரைக் காசநோய் எளிதில் பற்றும்.

மருந்துக்கு அடங்கும் கிருமியாயின் சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் மூன்று. ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும். அதனை இரத்தம் என அஞ்சி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. கண் மஞ்சளித்தாலும், வாந்தி ஓயாவிடினும், பார்வை மங்கினாலும் உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். இவற்றினும் பெரிய அபாயம் இரண்டாம் மாதத்தில் வருகிறது. இருமல் அடங்கி, எடை கூடி, பசி திரும்பியதும் ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையைக் கைவிடுவர். எஞ்சிய கிருமி மீண்டும் தலையெடுக்கும். மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். அதன் பின் சிகிச்சை கடினம்.

நோயாளியை ஊரை விட்டு அனுப்ப வேண்டுமோ என்னும் ஐயத்திற்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் வெளியான முடிவின்படி, நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாரைக் கூடுதலாக நோய் பற்றவும் இல்லை. உலகமே பின்பற்றிய முறை இது.

ஆகவே நிர்வாகக் குழுவினர்க்கு ஒன்று கூறுவோம். ‘சொன்னால் சங்கத்தில் பாவு கொடுக்கமாட்டார்கள்’ என்னும் அச்சத்தாலேயே சிலர் நோயை மறைக்கின்றனர். இந்நோய் காற்றின் வழியே பரவுவது. நூலாலும் நெய்த சேலையாலும் உண்ட தட்டாலும் பரவாது. முறையாக மருந்துண்பவரிடமிருந்து பரவும் தன்மையும் பெரும்பாலும் சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். வைத்தியர் வேலைக்கு அனுமதித்த பின்னும் பாவை மறுக்கும் சங்கம், அடுத்த நோயாளியையும் வாய் திறவாமற் செய்கிறது.

சிகிச்சைக் காலத்தில் ஊட்ட உணவுக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிற்று. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தொகை பாங்குக் கணக்கில் சேருவதால், கணக்குப் புத்தகத்தை முதல் நாளிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க. கணக்கு முடங்கிக் கிடப்பின் சங்கக் காரியதரிசி உடன் சென்று அதைச் சீர்செய்து தரலாம்.