அனுமதிக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?
மேகக் கணிமையில் ஊடுருவல் சோதனையின் விதிகள்

2019 செப்டம்பர் 11, நள்ளிரவு கடந்த நேரம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டாலஸ் மாவட்ட நீதிமன்றத்தில் அபாய மணி ஒலித்தது. விரைந்து வந்த காவலர்கள் உள்ளே இருவரைக் கண்டனர். அவர்கள் ஓடவில்லை. கட்டடத்தின் பாதுகாப்பைச் சோதிக்க மாநில நீதித்துறை தங்களை அமர்த்தியதாகச் சொல்லிக் கடிதத்தையும் காட்டினர். ஆனாலும் கைது செய்யப்பட்டனர். கட்டடம் மாவட்டத்துக்குச் சொந்தம். அதற்குள் நுழைய மாநிலம் எப்படி அனுமதி தரலாம் என்பதே ஷெரிப்பின் கேள்வி. 2020 ஜனவரியில்தான் வழக்கு கைவிடப்பட்டது.

அந்த இருவரின் திறமையில் குறை இல்லை. யார், எதற்கு, எதுவரை அனுமதி தரலாம் என்பதில்தான் சிக்கல். கணினி உலகிலும் இதே சிக்கல் உண்டு.

ஊடுருவல் சோதனை என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தன் கணினி அமைப்பில் உள்ள ஓட்டைகளைத் திருடர்களுக்கு முன் தானே அறிய விரும்புகிறது. அதற்காக வல்லுநர்களை அமர்த்தி, திருடர்களைப்போலவே நுழைந்து பார்க்கச் சொல்கிறது. இதுவே ஊடுருவல் சோதனை.

இன்று பல நிறுவனங்களின் தரவுகள் சொந்தக் கணினியில் இல்லை. அமேசான், மைக்ரோசாப்ட், கூகல் போன்றவற்றின் தரவு மையங்களில் வாடகைக்கு இடம் எடுத்து வைக்கின்றன. இதைத்தான் மேகக் கணிமை என்கிறோம்.

ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், இரு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர். உங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் உறுதியானதா என்று நீங்கள் இழுத்துப் பார்க்கலாம். பொதுச் சுவரை இடித்துப் பார்க்க முடியாது. கூரையில் கை வைக்க வேண்டுமென்றால் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். மேகமும் அப்படித்தான். கட்டடம், இயந்திரங்கள், அடிப்படை வலையமைப்பு ஆகியவை வழங்குநரின் பொறுப்பு. யாருக்கு எந்தச் சாவி கொடுப்பது, எந்தக் கதவை மூடுவது என்பது வாடிக்கையாளரின் பொறுப்பு.

கதவைச் சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும்? 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி அமேசான் மேகத்தில் வைத்திருந்த தரவுகள் திருடப்பட்டன. வங்கி தவறாக அமைத்திருந்த ஒரு தடுப்பு வழியே திருட்டு நடந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரும் கனடாவில் 60 லட்சம் பேரும் பாதிக்கப்பட்டனர். ஆகவே சோதனை தேவை; அதற்கு விதிகளும் தேவை.

விதிகள் எவை?

சோதனைக்கு முன் இரு தரப்பும் கையொப்பமிடும் விதிகளில் இவை இருக்க வேண்டும்.

எல்லை: எந்தக் கணக்குகள், எந்த முகவரிகள் சோதனைக்கு உரியவை என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பட்டியலில் இல்லாததைத் தொடக்கூடாது.

தடை: சேவையை முடக்கும் அளவுக்குக் கோரிக்கைகளை அனுப்பக்கூடாது, அண்டை வாடிக்கையாளரும் பாதிக்கப்படுவார். 2017 ஜூன் 15 முதல் மைக்ரோசாப்ட் தன் அஸூர் மேகத்தைச் சோதிக்க முன் அனுமதி கேட்பதில்லை. ஆனால் இத்தகைய தாக்குதலையும், பிறர் தரவைத் தொடுவதையும் அதன் விதிகள் தடுக்கின்றன.

நேரமும் தொடர்பும்: எப்போது தொடங்கும், எப்போது முடியும், ஏதேனும் பழுதானால் யாரை அழைப்பது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையில் நீர் திறந்தால், பாதிப்பு கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில்தான். 2013 அக்டோபரில் அங்கு உயிர்ச்சேதமே ஏற்பட்டது. மேகத்திலும் கை வைக்கும் இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறாக இருக்கலாம்.

நிறுத்தம்: பிறருடைய தரவு கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்தித் தெரிவிக்க வேண்டும். ஓட்டை உண்டு என்று காட்டச் சிறு சான்று போதும். முழுத் தரவையும் நகலெடுக்கத் தேவையில்லை. சோதனைக்காக உருவாக்கிய கணக்குகளை முடிவில் அழித்துவிட வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம்

1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லை என்று தெரிந்தே ஒரு கணினிக்குள் நுழைய முயல்வது குற்றம். எதையும் திருடாவிட்டாலும் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2024 ஆகஸ்ட் 26இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஊடுருவல் சோதனையைச் சேவையாக வழங்குவோர் உரிமம் பெற வேண்டும். அச்சட்டம் முக்கியமானவை எனக் குறிப்பிடும் 11 துறைகளில் எரிசக்தி, நீர் ஆகியவற்றோடு விவசாயமும் தோட்டத்துறையும் அடங்கும்.

மாணவர்களே, இத்துறையில் ஆர்வம் இருந்தால் சொந்தக் கணினியிலும் பயிற்சிக்கென்றே அமைக்கப்பட்ட தளங்களிலும் பழகுங்கள். பள்ளித் தளத்தில் ஓட்டை இருப்பதாகத் தோன்றினால் நுழைந்து பார்க்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சைபர்செக்கியூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்திலும் புகார் செய்யலாம். கதவு திறந்து கிடப்பதைச் சொல்பவர் நல்ல அண்டை வீட்டார். திறந்திருக்கிறதே என்று உள்ளே போகிறவரை யாரும் அப்படி அழைப்பதில்லை.