சென்னைக்கு வந்த வெண்ணெய் மலை!

பொழுது புலரவில்லை. கேளம்பாக்கத்தில் வண்டலூர் சாலை வந்து சேரும் இடத்தில் டீக்கடை அடுப்புகள் எரிகின்றன. நீலமும் பச்சையுமாக ஆவின் பால் பாக்கெட்டுகள் வந்து இறங்குகின்றன.

இப்படி விடியுமுன் பால் வந்து சேரும் ஏற்பாடு வளர்ந்ததற்கு, ஐரோப்பாவின் வெண்ணெய் மலையும் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? கரூருக்குப் பக்கத்தில் முருகன் குடியிருக்கும் வெண்ணெய்மலை அல்ல. இது நிஜ வெண்ணெய்!

6 நாடுகளின் சந்தை

1957-ம் ஆண்டு பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகள் ரோம் நகரில் கூடின. தங்களுக்குள் சுங்கம் இல்லாத பொதுச்சந்தை அமைக்க ஒப்பந்தம் செய்தன. போர்க்காலத்தில் உணவுப் பஞ்சத்தைக் கண்டவர்கள் அல்லவா? ஆகவே, விளைந்ததற்கு நல்ல விலை உண்டு என்று விவசாயிகளுக்கு உறுதி கொடுத்தார்கள்.

பால் பெருகியது. குடிக்க ஆள் இல்லை! மிஞ்சிய பால் வெண்ணெயாகவும் பவுடராகவும் கிடங்குகளில் மலைபோல் குவிந்தது.

வெளிநாட்டில் விற்கலாம் என்றால், அங்கே விலை குறைவு. கணக்குக்காக, உள்நாட்டு விலை 10 ரூபாய், வெளிநாட்டு விலை 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 4 ரூபாயைப் பொதுச்சந்தையின் கஜானா வியாபாரிக்குக் கொடுத்துவிடும். இதுதான் ஏற்றுமதி மானியம்.

வியாபாரிக்கு நஷ்டம் இல்லை. சரக்கு போய் இறங்கும் நாட்டில் 2 மாடு வைத்துப் பிழைப்பவர் கதி என்ன? 6 ரூபாய்ச் சரக்கு வந்துவிட்டால் அவருடைய பாலை யார் வாங்குவார்? புண்ணாக்குக்கு எங்கே போவார்?

குரியன் போட்ட கணக்கு

இந்த ஆபத்தைக் கண்டுகொண்டவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். 1965-ல் ஏற்பட்ட தேசிய பால்வள வாரியத்தின் தலைவர்.

அந்த மலை இந்தியச் சந்தையில் சரிந்தால் மாட்டுக்காரர் ஒழிந்தார் என்று அவர் கருதினார். ஆகவே அதையே உதவியாகக் கேட்டு வாங்க ஏற்பாடு நடந்தது. 1970-ல் "ஆபரேஷன் பிளட்" என்ற பால் வெள்ளத் திட்டம் தொடங்கியது. உலக உணவுத் திட்டத்தின் மூலம் 1 லட்சத்து 26 ஆயிரம் டன் பவுடரும், 42 ஆயிரம் டன் வெண்ணெய் எண்ணெயும் இலவசமாகத் தர ஒப்புக்கொள்ளப்பட்டது.

இலவசமாக வந்ததை இலவசமாகக் கொடுக்கவில்லை. அதில்தான் சாமர்த்தியம்! அதைப் பாலாக்கி டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில், ஊர்ப்பாலின் விலை கெடாதபடி விற்றார்கள். அந்தப் பணத்தில் பால் பண்ணைகளும், குளிரூட்டும் நிலையங்களும், டாங்கர் லாரிகளும் வந்தன. கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின.

அயலாரின் பவுடரை நம்புவதா என்று கண்டனமும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூட்டையைப் பிரித்துக் கரைப்பது, ஊர் ஊராகப் போய்ப் பால் சேர்ப்பதைவிடச் சுலபம் ஆயிற்றே!

ஆனாலும் 1998-ல் பால் உற்பத்தியில் இந்தியா உலகின் முதல் இடத்துக்கு வந்தது. ஐரோப்பாவோ, 1984-லேயே பால் கறப்பதற்கு வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. 2015 டிசம்பரில், நைரோபியில் கூடிய உலக வர்த்தக மாநாட்டில், விவசாய ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பது என்று முடிவாகியது.

நிலத்துக்கு இவ்வளவு என்று ஐரோப்பிய விவசாயிக்கு நேரடியாகப் போகும் பணம் மட்டும் நிற்கவில்லை. இந்தியாவும் வெளிநாட்டுப் பால் பவுடர் மீது போட்ட வரியை விட்டுவிடவில்லை.