மனநல சிகிச்சையில் இனப் பாகுபாடு: நோயாளி சொன்னால் மாறுமா?

இங்கிலாந்தில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமலே மனநல மருத்துவமனையில் சேர்க்க 1983-ம் ஆண்டு மனநலச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனா, மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், வெள்ளையரைவிட கறுப்பினத்தவர் சுமார் 4 மடங்கு அதிகமாக இப்படிச் சேர்க்கப்படுகிறார்கள்.

ஏன் இப்படி? பல காரணங்களில் ஒன்று பயம். மருத்துவமனை மேல் நம்பிக்கை இல்லாதவங்க, நோய் முத்தின பிறகுதான் வருவாங்க. அப்போ கட்டாய சிகிச்சைதான் மிஞ்சும். அதைப் பார்த்து மத்தவங்களும் பயப்படுவாங்க.

இதை மாற்ற, 2018-ல் ஒரு ஆய்வுக் குழு பரிந்துரைத்ததுதான் 'நோயாளி, பராமரிப்பாளர் இனச் சமத்துவத் திட்டம்'. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இதை வெளியிட்டது. அதன் மனநல அமைப்புகள் செய்ய வேண்டியவை:

• இனவாரியான விவரங்களை வெளியிடுவது
• சிகிச்சை பெற்றவர்கள், குடும்பத்தினரோடு சேர்ந்து திட்டமிடுவது
• அவர்கள் சொன்னதால் என்ன மாறியது என்று திருப்பிச் சொல்வது

மூன்றாவதுதான் முக்கியம். கேட்டுட்டு மறந்துட்டா, பழைய பயம்தான் மிஞ்சும்.

உங்க உறவினர் அங்கே இருக்காங்களா? என்.எச்.எஸ். சிகிச்சையின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். சிகிச்சை பற்றிய கருத்தையும் தயங்காம சொல்லலாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க.