பீப்பாயிலிருந்து லிட்டர் வரை: எரிபொருள் விலையும் நுகர்வோர் உரிமையும்

பெட்ரோல், டீசல் விலை உருவாகும் இடங்கள் உலகச் சந்தை, அரசின் வரிக் கொள்கை, எண்ணெய் நிறுவனத்தின் கணக்கு எனப் பலவாக இருப்பினும், அவற்றுள் எதிலும் வாகனத்துக்கு எரிபொருள் நிரப்புபவருக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆயினும், கொடுத்த பணத்துக்கு உரிய அளவும் தரமும் கிடைத்தனவா என்று கேட்கும் உரிமையை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தெளிவாகவே வழங்கியிருக்கிறது. விலை எப்படி அமைகிறது என்று அறிவதும், அளவு எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று அறிவதும் ஒரே விழிப்புணர்வின் இரு பகுதிகளாகும்.

பீப்பாய் எனும் அளவு

நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டு இன்னும் சுத்திகரிக்கப்படாத கச்சா எண்ணெயை உலகச் சந்தை பீப்பாய்க் கணக்கில் விற்கிறது. ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் எண்ணெய் வயல்களில் மரப்பீப்பாய்களில் அடைத்து விற்ற வழக்கத்திலிருந்து வந்த அளவு இது. எண்ணெய் இன்று குழாய்களிலும் கப்பல்களிலும் பயணம் செய்தாலும் கணக்கு பீப்பாயிலேயே நிலைத்துவிட்டது.

எல்லாக் கச்சா எண்ணெயும் ஒரே தரத்தினதன்று. அடர்த்தியும் கந்தகத்தின் அளவும் வயலுக்கு வயல் மாறுவதால், சில வகைகளின் விலையை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றின் விலை கணிக்கப்படுகிறது. வட கடல் பகுதியின் பிரென்ட், அமெரிக்காவின் வெஸ்ட் டெக்சஸ், வளைகுடாப் பகுதியின் துபாய், ஓமன் ஆகியவை அத்தகைய அளவுகோல்கள். இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகள் பயன்படுத்தும் விகிதத்தில் ஓமன்–துபாய் சராசரியையும் பிரென்ட் விலையையும் சேர்த்துக் கணக்கிடும் விலையே ‘இந்தியக் கூடை’ விலை எனப்படுகிறது. 2020 ஏப்ரல் 20 அன்று வெஸ்ட் டெக்சஸ் விலை பூஜ்யத்துக்குக் கீழே 37.63 டாலர் என்ற நிலைக்கு விழுந்தபோது, இந்தியாவிலும் பெட்ரோல் இலவசமாகும் என்று பலர் எண்ணினர். உண்மையில் அது, ஓக்லஹோமாவின் குஷிங்கில் சேமிப்புத் தொட்டிகள் நிரம்பிவந்த வேளையில், மே மாத ஒப்பந்தம் ஒன்றுக்கு மட்டும் நேர்ந்த வீழ்ச்சி.

டாலரும் வரியும்

ஒரு பீப்பாய் 80 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ 42 ரூபாய் 77 காசு ஆகிறது. பீப்பாய்க்கு ஒரு டாலர் கூடினால் லிட்டருக்கு 53 காசும், எண்ணெய் விலை மாறாமல் ரூபாயின் மதிப்பு மட்டும் டாலருக்கு ஒரு ரூபாய் சரிந்தால் 50 காசும் கூடும். இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்வதால், உலக விலை அசையாத நாளிலும் நாணயச் சந்தை எரிபொருள் விலையை அசைக்க முடியும்.

இந்த அடக்கத்தின் மேல் சுத்திகரிப்பு, போக்குவரத்து, நிறுவனத்தின் லாபம், பங்க் உரிமையாளரின் கமிஷன், மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி ஆகியன ஏறுகின்றன. பெட்ரோலும் டீசலும் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் இன்னும் கொண்டுவரப்படாததால் மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறுபடுகிறது. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை உலக விலை சரிந்தபோது கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 32.98 ரூபாயாக இருந்த அவ்வரி, 2022 மே மாதத்தில் 19.90 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான தன் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் மீதானது 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டு, 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை நாடு முழுவதும் வந்தது. எனினும் 2022 ஏப்ரலுக்குப் பின், வரிக் குறைப்பு நீங்கலாக, 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறையும் வரை சில்லறை விலை ஏறத்தாழ அசையாமல் நின்றது. சட்டப்படி சந்தை விலையாக இருப்பது நடைமுறையில் நிறுவனங்களும் அரசும் பிடித்துவைக்கும் விலையாகவும் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கில்

2011–12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட மொத்த விலைக் குறியீட்டில் பெட்ரோலுக்கு 1.60 விழுக்காடும் டீசலுக்கு 3.10 விழுக்காடும் எடை தரப்பட்டிருந்தது. அதாவது பொது விலைவாசியை அசைப்பதில் டீசலுக்கே அதிகப் பங்கு. நாமக்கல் லாரியும் நெல் அறுவடை எந்திரமும் விசைப்படகும் டீசலில் ஓடுவதால், சொந்த வாகனமே இல்லாத குடும்பமும் காய்கறி, அரிசி, மீன் ஆகியவற்றின் விலை வழியே டீசலுக்குப் பணம் செலுத்துகிறது. கச்சா எண்ணெய் விலை 10 விழுக்காடு உயர்ந்தால் பணவீக்கம் சுமார் 0.30 விழுக்காட்டுப் புள்ளி கூடலாம் என்றும், வளர்ச்சி 0.15 புள்ளி குறையலாம் என்றும் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கைகள் மதிப்பிட்டுள்ளன.

பங்க்கில் காத்திருக்கும் இடர்கள்

விலை ஏறும்போது அளவுக் குறைவும் கலப்படமும் லாபமுள்ளவையாகின்றன என்பதால், சோதிக்கும் வழிகளையும் விதிகள் வகுத்துள்ளன. முத்திரையிடப்பட்ட 5 லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அதில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரையிலான வேறுபாடு மட்டுமே ஏற்கத்தக்கது. பம்புகள் ஆண்டுதோறும் மறுமுத்திரையிடப்பட வேண்டியவை என்பதால் அதற்கான சான்றிதழையும் பார்வையிடலாம். நூறு ரூபாய்க்குப் பதில் நூற்றுப் பத்து ரூபாய்க்கு நிரப்பச் சொல்வதும் அதிகாலையில் நிரப்புவதும் பரவலான நம்பிக்கைகளாக இருந்தாலும், பம்பின் துல்லியத்தை முதலாவது காட்டுவதில்லை. நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை பகலில் பெரிதாக மாறாததால் இரண்டாவதன் பயனும் மிகச் சிறிதே.

தரத்தை அறிய இரு சோதனைகள் உண்டு. வடிதாளில் ஒரு துளி பெட்ரோல் விட்டால், கலப்படமற்றதாயின் அது சுமார் இரண்டு நிமிடங்களில் கறையின்றி ஆவியாகும். அடுத்தது அடர்த்தி: டேங்கர் லாரியிலிருந்து இறக்கியபோது பதிந்த, 15 டிகிரி செல்சியசுக்குக் கணக்கிட்ட அடர்த்திக்கும் தற்போதைய அளவீட்டுக்கும் இடையே கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிய பின், மைலேஜ் குறைவதை எல்லாம் கலப்படம் என்று கருதிவிட முடியாது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் புகுந்தால் எத்தனால் அந்நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும் என்பதால், மழைக்காலத்தில் நிரப்பியவுடன் வண்டி நின்றுபோனால் அதை உடனே புகாராகப் பதிய வேண்டும்.

முறையிடும் வழி

முதல் ஆதாரம் ரசீது. அதில் தேதி, நேரம், பம்பு எண், அளவு ஆகியன இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பங்க்கில் கட்டாயமாக வைக்கப்பட்டிருக்கும் புகார்ப் புத்தகத்தில் எழுதிய பின், பலகையில் உள்ள எண்ணில் எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அலுவலருக்குத் தெரிவிக்கலாம். அளவுக் குறைவைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு விசாரிக்கிறது; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இழப்பீடு வேண்டுவோர் இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

வளைகுடாவிலும் வட கடலிலும் அமையும் விலையைப் பங்க்கில் நிற்பவர் மாற்ற முடியாது. அதே பங்க்கில் ஊற்றப்படும் அளவைக் கேள்வி கேட்க அவரால் முடியும். ரசீது வாங்காமல் வெளியேறுபவர், விலையில் இல்லாத உரிமையோடு அளவில் இருந்த உரிமையையும் அங்கேயே விட்டுச் செல்கிறார்.